வெட்டாமல் விட்ட கோட்டை

என் மனைவி லதுஷா இறந்த பிறகு வந்த பத்து மாதங்களில் நான் அறுபத்துமூன்று பேரைக் கள்ளர்கள் என்று முறைப்பாடு செய்தேன். எல்லோரும் இணையத்தில் என்னோடு சதுரங்கம் ஆடி வென்றவர்கள். ஒருவர் பிரேசில்காரர். ஒருவருடைய பக்கத்தில் பதினொரு மெழுகுதிரி வைத்த கேக் படம் இருந்தது. தளம் நான்கு முறைதான் பதில் அனுப்பியது. நான்கிலும் ஒரே வரி. பார்த்தோம், நடவடிக்கை தேவையில்லை.

நான் நேரத்தைத்தான் பார்ப்பேன். மனிதன் யோசித்தால் நேரம் ஒழுங்காக இருக்காது. வேறு வழியில்லாத நகர்வை ஒரு நொடியில் வைப்பான். குழம்பினால் நாலு நிமிடம் எடுப்பான். இலகுவானதற்கும் கடினமானதற்கும் ஒரே பத்து நொடி எடுக்கிறவன் பக்கத்தில் இன்னொரு திரை வைத்திருக்கிறான். அதில் ஒரு மென்பொருள் சிறந்த நகர்வைச் சொல்லும். ஆடுகிறவர்கள் அதை எஞ்சின் என்பார்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை.

எனக்குத் துறைமுக வாசலில், லொறிகளை நிறுக்கும் மேடையில் வேலை. லொறி ஏறும். நிற்கும். இலக்கம் வரும். பதிவேன். இறங்கும். அடுத்த லொறி வரும்வரை ஆடுவேன். கணிதத்தில் பட்டம் பெற்றவன் செய்யக்கூடிய வேலைதான். அதிகம் கதைக்கத் தேவையில்லை.

தை மாதம் ஒரு நாள் சோமசேகரம் அண்ணை கடைக்கு வரச் சொன்னார். அவருக்கு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பிக் கடை. மாவட்டச் சதுரங்கச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். கொரோனாக் காலத்தில் தொடங்கிய இணைய லீக்கை இன்னும் நடத்துகிறார். திருகோணமலை, கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளி என்று எல்லா ஊர்களிலும் ஆட்கள். ஒரு நகர்வுக்கு மூன்று நாள் அவகாசம். வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் வசதி.

கடை வாசலில், ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று பழுதான தாளை மென்றுகொண்டு நின்றது. தாண்டி உள்ளே போனேன்.

"வாரும். இண்டைக்கு ஆர் கள்ளன்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப நீர் இன்னும் விளையாடத் தொடங்கேல்ல." அவர் இயந்திரத்தின் மூடியைச் சாத்தினார். "உம்மட முறை எனக்குத் தெரியும். உம்மை வெண்டவன் கள்ளன். உம்மட்டத் தோத்தவன், பிடிபடாமலிருக்கத் தோத்த கள்ளன்."

நான் சிரிக்கவில்லை. அவர் ஒரு கதிரையைத் தள்ளிவிட்டார்.

"இரும். கூட்டத்தில கிண்ணத்தைப் பற்றிக் கதை வந்தது."

மாசியில் லதுஷாவின் ஆண்டு நினைவு. அவளுடைய பெயரில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு வெற்றிக் கிண்ணம் வைப்பதாகச் சங்கம் சொல்லியிருந்தது. அவள் ஆறு வருடம் மாவட்ட அணியில் ஆடியவள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நாற்பது பிள்ளைகளுக்குப் பழக்கியவள்.

"ரெண்டு பேர் ஏலாது எண்டினம்," என்றார். "தளமே கள்ளமெண்டு மூடின கணக்கு. அவவின்ர பேரில கிண்ணம் குடுத்தா நாளைக்குப் பிள்ளைகள் தேடிப் பாக்காதுகளோ எண்டு கேக்கினம். என்னட்ட மறுமொழி இல்லை, மெல்ரோய்."

பிள்ளைகள் தேடினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நான் தினமும் பார்க்கிறேன். நீலச் சட்டையோடு லதுஷாவின் படம். அதன் கீழே ஒரு சிவப்புக் கோடு. நேர்மை விதியை மீறியதால் இந்தக் கணக்கு மூடப்பட்டுள்ளது.

பிள்ளைகளுக்கு முன்னமே மாமிக்குத் தெரிந்துவிட்டது. நத்தார் பூசை முடிந்து பாலையூற்று மாதா கோயில் வளவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாமிக்குச் சதுரங்கம் தெரியாது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ர பிள்ளை என்னத்தைக் களவெடுத்தவள், தம்பி?" என்று கேட்டா. ஒன்றும் இல்லை மாமி என்றேன். அது உண்மை. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

நான் பையிலிருந்து பதினான்கு பக்கங்களை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இது என்ன?"

"கிண்ணியா ஸெய்னுதீன். லதுஷாவின்ர கடைசி ஆட்டம் அவரோட. அந்த ஆட்டத்தாலதான் கணக்கை மூடினவை. கள்ளம் செய்தது அவர். லீக் விதிப்படி எதிராளி கள்ளம் செய்திருந்தா ஆட்டத்தைப் பதிவிலயிருந்து எடுக்கலாம். ஆட்டம் இல்லையெண்டா அவளில குற்றமும் இல்லை."

அவர் பக்கங்களைப் புரட்டினார். நிறைய நேரம் எடுத்தார்.

"அவர் தோத்த ஆட்டம் இது," என்றார்.

"எஞ்சினைப் பாத்தும் தோக்கலாம். நேரத்தைப் பாருங்கோ. ஒரு நகர்வுக்கு ஆறு மணித்தியாலம், எட்டு மணித்தியாலம் எடுக்கிற மனுசன். கடைசி எட்டு நகர்வையும் அஞ்சாறு நிமிசத்துக்குள்ள வச்சிருக்கிறார். எட்டும் ஒரே மாதிரி."

"சரி," என்றார் சோமசேகரம் அண்ணை. "வழக்கம் தெரியுந்தானே?"

தெரியும். எங்கள் சங்கத்தில் ஒருவர்மேல் கள்ளம் என்று சொல்கிறவர் முதலில் அவருடைய ஊருக்குப் போகவேண்டும். மரப் பலகையில், செயலாளருக்கு முன்னால், நேரே இருந்து ஒரு ஆட்டம் ஆடவேண்டும். அதற்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால்தான் எழுத்தில் எடுப்பார்கள். முதல் வருடம் பத்துச் சந்தேகங்கள் வந்தன. ஒன்பது தேத்தண்ணியோடு முடிந்தன. பத்தாவது ஆள் சங்கத்தை விட்டே போனார். கள்ளம் செய்தவர் இல்லை, சந்தேகப்பட்டவர்.

"சனிக்கிழமை பின்னேரம் போவம்," என்றார்.

நான் எழுதிய பதினான்கு பக்கங்களிலும் பொய் இல்லை. நேரங்கள் சரி. ஆனால் அந்த ஆட்டத்தில் கள்ளம் செய்தது யார் என்று எனக்குத் தெரியும். நான்தான்.

லதுஷாவுக்கு இரத்தப் புற்றுநோய். கொழும்புப் பக்கம் ஆஸ்பத்திரி, பெண்கள் வாட்டு. கூட நிற்க மாமியைத்தான் விட்டார்கள். நான் இரண்டு கிழமைக்கு ஒருமுறை பஸ் எடுத்துப் போய், ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டுத் திரும்புவேன். போன் வெளிச்சம் கண்ணைக் குத்துது என்றாள். விரல்கள் வீங்கியிருந்தன. அதனால் லீக்கில் அவளுடைய நகர்வுகளை நான் வைத்தேன். சங்கத்தில் சொல்லித்தான் செய்தோம். கட்டிலில் ஒரு சின்னக் காந்தப் பலகை வைத்திருந்தாள். மத்தியானம் பன்னிரண்டரைக்குப் போன் எடுப்பாள். நான் எதிராளியின் நகர்வைச் சொல்வேன். அவள் தன்னுடையதைச் சொல்வாள். கிண்ணியாக்காரர் அண்ணனைச் சொல்வதுபோல, ஸெய்னுதீனை அவள் நானா என்பாள்.

"நானா என்ன வச்சார்?"

"மந்திரி பி-நாலு."

"எனக்குத் தெரியும். அந்த மனுசனுக்கு அந்த மந்திரியில ஒரு காதல்."

இப்படித்தான். இரத்தப் பரிசோதனையைப் பற்றி மாமி தனியாகச் சொல்லுவா. லதுஷாவோடு வேறு கதை இல்லை. வேறு கதை தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

இருபத்துநாலாவது நகர்வுக்கு அவள், "கோட்டை டி-ஏழு," என்றாள்.

நான் திரையைப் பார்த்தேன். ஸெய்னுதீனின் குதிரை எஃப்-ஆறில் நின்றது. கோட்டையை டி-ஏழில் வைத்தால் குதிரை வெட்டும். திருப்பி வெட்ட நமக்கு ஒன்றும் இல்லை. அவளிடம் பழகும் பிள்ளைகளே காணக்கூடிய பிழை. மருந்து கூட்டி மூன்று நாள் ஆகியிருந்தது.

"வச்சாச்சோ?"

"ஓம். வச்சாச்சு."

வைக்கவில்லை. எஞ்சினைத் திறந்து, அது சொன்ன நகர்வை வைத்தேன். அடுத்த நாள் எடுத்தாள்.

"நானா என்ன வச்சார்?"

"ஓரத்துச் சிப்பாயை ஒண்டு தள்ளினார்."

வாட்டில் யாரோ இருமுவது கேட்டது.

"தள்ளினாரோ."

"ஓம்."

"சரி. நாளைக்குச் சொல்றன்."

அன்றிலிருந்து இரண்டு ஆட்டங்கள் நடந்தன. திரையில் ஒன்று. அதில் லதுஷாவுக்காக எஞ்சின் ஆடியது. எங்கள் சாப்பாட்டு மேசையில் மற்றது. அதில் அவள் சொல்வதை அப்படியே வைத்து, ஸெய்னுதீனுக்காக நான் ஆடினேன். தோற்பதற்காக ஆடினேன். அது லேசான வேலை இல்லை. அவள் சந்தேகப்படாதபடி தோற்கவேண்டும். நாலு நகர்வுக்கு ஒரு சின்னப் பிழை விட்டேன். திரையில் உள்ள ஆட்டத்தையும் தோற்க விட முடியாது. லீக் முடிவுகள் வட்ஸ்அப் குழுவில் வரும். அவள் மாமியிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டால்?

முப்பத்தோராவது நகர்வில், ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் வென்றாள்.

"மேட்," என்றாள்.

நான் மேசைப் பலகையைப் பார்த்தேன். மேட்தான்.

"நல்லா விளையாடினார், என்ன?" என்றாள்.

"ஓம்."

"அவருக்கு நான் நன்றி சொன்னனெண்டு சொல்லுங்கோ." மூச்சு வாங்கினாள். "இனிப் புதுசா ஒண்டும் தொடங்கவேண்டாம், மெல்."

வெள்ளிக்கிழமை இறந்தாள். ஞாயிற்றுக்கிழமை பாலையூற்றில் அடக்கம். திங்கட்கிழமை பகல் போனைத் திறந்தபோது திரையில் உள்ள ஆட்டம் இன்னும் நின்றது. முப்பத்துநாலாவது நகர்வு. மூன்று நாள் அவகாசம் முடிய இரண்டு மணித்தியாலம் இருந்தது. முடிந்தால் அவள் தோற்றாள் என்று வரும். எஞ்சினைக் கேட்டேன். வைத்தேன்.

நாற்பத்தோராவது நகர்வுக்குப் பிறகு ஸெய்னுதீன் தோல்வியை ஒப்புக்கொண்டார். சில நாட்களில் சிவப்புக் கோடு விழுந்தது. யார் முறைப்பாடு செய்தது என்று தளம் சொல்லாது. ஸெய்னுதீன் என்று நான் முடிவெடுத்தேன். வேறு யாருக்கு அந்த ஆட்டத்தைப் பற்றி அக்கறை?

சனிக்கிழமை நானும் சோமசேகரம் அண்ணையும் கிண்ணியா பஸ்ஸில் போனோம். அவர் மடியில் பலகையும், ஒரு துணிப் பையில் காய்களும் இருந்தன. பாலத்தில் போகும்போது அவர் நித்திரை. நான் பக்கங்களை இன்னொரு தரம் வாசித்தேன்.

ஸெய்னுதீனின் கடை பாலம் முடிகிற இடத்துக்குக் கிட்ட. முன்பு, பாலம் வருவதற்கு முதல், ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப் போகும் ‘பாதை’ என்கிற மிதவையில் வேலை செய்தவர். இப்போது வள்ளத்து எஞ்சின்கள் திருத்துகிறார். நாற்பத்தெட்டு வயது இருக்கும். கையெல்லாம் கிறீஸ். ஒரு மீனவர் வாங்கில் குந்தியிருந்து தன்னுடைய எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெமீல், இவங்க என்னப் பத்தி விசாரிக்க வந்திரிக்காங்க," என்றார் ஸெய்னுதீன். "நான் வெளயாட்டுல கள்ளமாம்."

"நல்லம்," என்றார் ஜெமீல். "மூணு கிழமையா என்ட எஞ்சின் இஞ்ச கெடக்கு. நாளைக்கு நாளைக்கு எண்டுறார். அதையும் எழுதிக்கங்க, சேர்."

சோமசேகரம் அண்ணை சிரித்தார். ஜெமீல் எழும்பிப் போனார். ஸெய்னுதீன் அசர் தொழுதுவிட்டு வருகிறேன் என்று போய், முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்து பிளேன்டீயும் பனங்கட்டியும் வந்தது. ஒரு வெறும் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் பலகையை வைத்தோம்.

"மொதல்ல அதத் தாங்க," என்றார். பதினான்கு பக்கங்களைக் கேட்டார்.

கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். பக்கத்தைப் புரட்டும்போது கிறீஸ் படாமல் விளிம்பில் பிடித்தார்.

"இதெல்லாம் சரி, தம்பி. அஞ்சு நிமிஷம், ஆறு நிமிஷம். சரியாத்தான் எழுதியிரிக்கீங்க." கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஒண்டு கேக்கன். அந்த எட்டு மூவும் எனக்கு வச்சது ஆரு?"

நான் கையை நீட்டிப் பக்கங்களைத் திருப்பி வாங்கினேன்.

"அடக்கத்தண்டைக்கி நான் மையத்து வீட்டுக்கு வந்தனான். ஒங்களுக்கு ஞாபகம் இரிக்கா. கையப் புடிச்சிட்டு வந்தன். அடுத்த நாள் பகல் இந்த வாங்குலதான் இரிக்கன், போன் கத்திச்சி. பாத்தா அந்தப் புள்ளட பேர். மூவ் வந்திரிக்கி." அவர் கோப்பையை நிலத்தில் வைத்தார். "கையில இருந்த சாவி கீழ விழுந்திட்டு, தம்பி. நான் ஒரு நிமிஷம் என்னெல்லாம் நெனச்சன் எண்டு சொல்ல வெக்கம். பொறகுதான் விளங்கிச்சி. அங்கால ஒரு ஆள் போனப் பாத்துக்கிட்டு இரிக்கி. அவரக் காக்க வைக்கக் கூடா. அதான் ஒடனே ஒடனே வச்சன். எட்டுத் தரம். பொறகு போதும் எண்டு நிப்பாட்டினன்."

சோமசேகரம் அண்ணை என்னைப் பார்த்தார்.

"மெல்ரோய்?"

சொன்னேன். டி-ஏழு, சிப்பாய், எஞ்சின், மேசைப் பலகை. ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டேன். பத்து மாதம் வாயில் வைத்திருந்தது அவ்வளவுதான். நான் பேசிய நேரம் முழுவதும் ஸெய்னுதீன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், தெரிந்த வழியை யாரோ சொல்வதுபோல.

"முறைப்பாடு நான் குடுக்கயில்ல," என்றார். "ஆருக்கும் எழுதயில்ல. கொம்பியூட்டர் தானாப் புடிக்குமாம், மகள் சொன்னா. எஞ்சின் எண்டா எனக்குத் தெரிஞ்சது அந்தா கெடக்கு, அதான்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன்.

"அதில்ல. இன்னொண்டு இரிக்கி. சொல்லக் கூடா எண்டு வாக்குக் குடுத்தது. நீங்க கள்ளன் எண்டு எழுதிக்கிட்டு வாசலுக்கு வந்தபடியாச் சொல்லத்தான் வேணும்." அவர் கடை வாசலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அந்தப் புள்ள எனக்குக் கோல் எடுத்தது. வாட்டுல இருந்து. 'நானா, என்ர கோட்டைய ஏன் வெட்டேல்ல?' எண்டு கேட்டிச்சி."

நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஒண்டும் விளங்கயில்ல. என்ட போர்டுல அந்தக் கோட்டை டி-ஒண்டுல நிக்கி. எந்தக் கோட்டை எண்டு கேக்க வாயெடுத்தன். கேக்கயில்ல. ஏன் எண்டு தெரியா. அந்தக் கொரல்ல என்னமோ இருந்திச்சி. 'காணயில்ல புள்ள' எண்டன்."

"என்ன சொன்னவ?"

"சிரிச்சிச்சி. 'நீங்க காணாம விடுற ஆளில்லையே, நானா' எண்டிச்சி. பொறகு, 'சரி, நான் கேட்டதை மெல்லுக்குச் சொல்லாதீங்க' எண்டிச்சி. அவ்வளவுதான். போன வச்சிட்டு."

ஒரு லொறி பாலத்திலிருந்து இறங்கி வந்தது. கடைத் தகரம் அதிர்ந்து அடங்கியது.

அப்படியென்றால் இருபத்தைந்தாவது நகர்விலிருந்து அவளுக்குத் தெரியும். பிறகும் ஏழு நகர்வுகள். ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரைக்கு எடுத்தாள். நானா என்ன வச்சார் என்று கேட்டாள். நான் சொன்ன பொய்யைக் காந்தப் பலகையில் வைத்தாள். யோசித்து, பதில் சொன்னாள். மேட் என்றாள்.

"உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னவ," என்றேன். "கடைசி நாள். நான் சொல்லேல்ல."

ஸெய்னுதீன் என்னைப் பார்த்தார்.

"அது எனக்கில்ல, தம்பி," என்றார்.

சோமசேகரம் அண்ணை சங்கத்துக் கொப்பியைத் திறந்தார். பேனையின் மூடியைக் கழற்றி, திரும்ப மூடினார்.

"நான் இப்ப என்னத்தை எழுதுறது?"

"உள்ளதை," என்றேன்.

"எழுதினா நீர் சங்கத்தில இருக்க ஏலாது. லீக்கிலயும் பேர் வெட்டவேணும்."

"வெட்டுங்கோ."

"ஆட்டத்தின்ர முடிவு? வெற்றியெண்டு இருக்கு. அதை என்ன செய்யிறது?"

"பொறுங்க," என்றார் ஸெய்னுதீன். "ஒரு ஆட்டம் ஆடத்தானே வந்தீங்க. நேர இரிந்து. அத ஆடுவம்." துணிப் பையை அவிழ்த்துக் காய்களைப் பலகையில் கொட்டினார். "இருவத்திநாலாவது மூவுக்கு முன்னால எப்பிடி நிண்டதெண்டு ஞாபகம் இரிக்கா?"

இருந்தது. வேறு எதுவும் அந்த மாதத்தில் எனக்கு ஞாபகம் இல்லை. ஒவ்வொன்றாக வைத்தேன். வெள்ளை அவளுடையது. ராஜா ஜி-ஒன்று. கோட்டை டி-ஒன்று. கறுப்புக் குதிரை எஃப்-ஆறு. அவர் காதலிக்கும் மந்திரி பி-நாலு. ஒரு சிப்பாயைத் தவறான கட்டத்தில் வைத்தேன், அவர் விரலால் சரிசெய்தார்.

"அந்தப் புள்ள என்ன சொன்னிச்சி?"

"கோட்டை டி-ஏழு."

"அப்ப வைங்க."

கோட்டையைத் தூக்கினேன். மரம் லேசாக இருந்தது. டி-ஏழில் வைத்தேன். கையை எடுக்க நேரம் எடுத்தது. எடுத்தேன்.

ஸெய்னுதீன் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குதிரையைத் தொடவில்லை. ஒரு நிமிடம் போயிருக்கும். சோமசேகரம் அண்ணை செருமினார்.

"வெட்டுங்கோ, நானா," என்றேன்.

"வெட்டத்தான் வேணுமா?"

"ஓம்."

குதிரையைத் தூக்கி டி-ஏழில் வைத்தார். கோட்டையை எடுத்து என் பக்கம் நீட்டினார். வாங்கினேன்.

பிறகு ஆடினோம். அவள் இடத்தில் நான் ஆடினேன், எனக்குத் தெரிந்த அளவுக்கு. ஒரு கோட்டை குறைவு. ஸெய்னுதீன் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு நகர்வுக்கும் நேரம் எடுத்தார். ஒருமுறை இரண்டு நிமிடம், ஒருமுறை ஒரே நொடி. முப்பத்தாறாவது நகர்வில் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. லதுஷா தோற்றால் ராஜாவைச் சாய்க்கமாட்டாள். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் பழக்கியிருந்தாள். ராஜாவைத் தூக்கிப் பலகையின் நடுவில் நிறுத்திவிட்டுக் கையை நீட்டுவாள். நடுவில் நிறுத்தினேன். கையை நீட்டினேன். ஸெய்னுதீன் இரண்டு கையாலும் பிடித்தார், அடக்கத்துக்கு முன் பிடித்ததாகச் சொன்னாரே, அப்படி இருக்கலாம். எனக்கு அது ஞாபகம் இல்லை. இது இருக்கும்.

என் முகம் நனைந்திருந்தது. அடக்கத்தில்கூட அப்படி நடக்கவில்லை. இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

சோமசேகரம் அண்ணை எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். இருபத்துநாலாவது நகர்வு தொடக்கம் ஆட்டக்காரரின் கணவர், ஆட்டக்காரரைக் கேட்காமல் மென்பொருள் கொண்டு ஆடினார். அந்த நகர்விலிருந்து மறுபடி ஆடப்பட்டது. ஸெய்னுதீன் வெற்றி. லதுஷா தோல்வி.

"தளத்தில உள்ள கோடு போகாது," என்றார். "எழுதிப் பாக்கலாம். ஆனா போகாது."

"தெரியும்."

"எங்கட கொப்பியில அவ கள்ளம் செய்யேல்ல. தோத்தவ." மூடியைப் பேனையில் போட்டார். "தோத்த ஆளின்ர பேரில கிண்ணம் வைக்கிறதுக்கு ஒருத்தரும் ஏலாதெண்டு சொல்ல ஏலாது. நான் பாத்துக்கொள்ளுறன்."

நானும் கையெழுத்து வைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பாலத்தில் ஏறும்போது மாமிக்கு எடுத்தேன். குசினியில் நின்றா போல, ஏதோ வதங்கும் சத்தம் கேட்டது.

"மாமி, லதுஷா ஒண்டும் களவெடுக்கேல்ல. நான்தான்."

"என்ன தம்பி சொல்றீங்கள்?"

"வீட்டுக்கு வந்து சொல்றன். எல்லாம் சொல்றன்."

அடுப்பை நிற்பாட்டும் சத்தம் கேட்டது. "வாங்கோ," என்றா. "சாப்பிடாமல் வாங்கோ."

போனை வைக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். விரலில் மரம் பட்டது. அதற்குள் போன் திரும்ப அடித்தது. ஸெய்னுதீன்.

"தம்பி, சோமசேகரம் சேர்ட பை இஞ்ச விடுபட்டுப் போச்சி. காயெல்லாம் எண்ணி உள்ள போட்டன். ஒரு வெள்ளக் கோட்டை கொறையிது."

பக்கத்தில் சோமசேகரம் அண்ணை பலகையை மடியில் வைத்துக்கொண்டு நித்திரை.

"என்னட்ட இருக்குது, நானா," என்றேன்.

"இரிக்கட்டும். அவசரமில்ல. இந்தப் பக்கம் வரக்க கொண்டு வாங்க."